கேள்வித்தாள் மாறாமல் பாடத்திட்டம் மாறுமா?

எம்.பி.பி.எஸ். பாடத்திட்ட மாற்றங்கள் பற்றி வடசென்னை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு மருத்துவக் கல்வி ஆசிரியர் குழுவின் பதில்கள்.

*மகள் இந்த வருஷம் எம்.பி.பி.எஸ். சேர்ந்தாள். முதல் இரண்டு வாரம் பாடமே நடக்கவில்லை. விளையாட்டு, கம்ப்யூட்டர், தமிழ் வகுப்பு என்று போனது. நீட்டுக்கு அவ்வளவு பாடுபட்டது இதற்குத்தானா?*
— ஒரு தந்தை, கொருக்குப்பேட்டை

அது அடித்தளப் பயிற்சி. 2019இல் புதிய பாடத்திட்டம் வந்தபோது ஒரு மாதமாக இருந்தது. பிறகு இரண்டு வாரமாகச் சுருக்கிவிட்டார்கள். ஒழுங்காக நடத்தினால் அந்த இரண்டு வாரம் வீண் இல்லை. முதலுதவி, ஊசி குத்திக்கொண்டால் என்ன செய்வது, ஆஸ்பத்திரிக் கழிவை மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று எதில் போடுவது, இவையெல்லாம் வார்டுக்குள் போவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். ஊசி குத்தினால் அந்த இடத்தைப் பிதுக்கக் கூடாது. சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவிவிட்டு உடனே சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை முடிந்தால் 2 மணி நேரத்துக்குள், எப்படியும் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போடாதவர்களுக்கு முதல் ஊசியை இப்போதே போட்டால்தான் 0, 1, 6 மாதக் கணக்கில் மூன்றும் முடிந்து, இரண்டாம் ஆண்டு வார்டுக்குப் போகும்போது பாதுகாப்பு இருக்கும். மகளுக்குப் போட்டாயிற்றா என்று கேளுங்கள்.

தமிழ் வகுப்பைத்தான் பலர் கேலி செய்கிறார்கள். 'கை கால் இழுத்துக்கிச்சு' என்று ஒரு தாய் சொன்னால் அது வலிப்பு. 'ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு' என்றால் பக்கவாதம். 'ராத்திரியெல்லாம் இழுப்பு' என்றால் ஆஸ்துமா. மூன்றுக்கும் ஓடவேண்டிய திசை வேறு. 'சூடு பிடிச்சுக்கிச்சு' என்பவருக்குக் காய்ச்சலே இருக்காது, சிறுநீர் எரிச்சலாக இருக்கும். 'நெஞ்சைக் கரிக்குது' என்று வருகிறவருக்கு வெறும் புளித்த ஏப்பமும் இருக்கலாம், மாரடைப்பும் இருக்கலாம். வெளிமாநில மாணவர்களுக்கு மட்டும் அல்ல, ஆங்கில வழியில் படித்த நம் பிள்ளைகளுக்கும் இந்தச் சொற்கள் புதிதுதான். ஆனால் அந்த வகுப்பில் திருக்குறள் ஒப்பிக்கச் சொன்னால் உங்கள் கோபம் நியாயமே. அங்கே நடத்த வேண்டியது புறநோயாளி வரிசையில் பேசுகிற தமிழை.

*பாடத்திட்டத்தை மாற்றுகிறோம் என்று எத்தனை முறைதான் கேட்பது? இது உண்மையிலேயே புதுசா?*
— ஓய்வுபெற்ற மருந்தாளுநர், பழைய வண்ணாரப்பேட்டை

புதிது இல்லை. உங்கள் பேட்டைக்காரர்கள் இன்னும் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்று சொல்கிற ஸ்டான்லி, 1938இல் முழு மருத்துவக் கல்லூரியானது. அதற்கு எட்டு வருஷம் கழித்து, 1946இல், சர் ஜோசப் போர் (Bhore) தலைமையிலான குழுவின் அறிக்கை வந்தது. நோயை மட்டும் பார்க்காமல் ஊரையும் பார்க்கிற மருத்துவர் வேண்டும், அதற்கு மூன்று மாதம் தனிப் பயிற்சி வேண்டும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. 1975இல் ஸ்ரீவஸ்தவ் குழு அதையே வேறு சொற்களில் சொன்னது. 1977இல் ஒவ்வொரு கல்லூரியும் மூன்று வட்டாரங்களைப் பொறுப்பெடுக்க வேண்டும் என்ற திட்டம் வந்தது. நடமாடும் மருத்துவ வண்டிகளும் வந்தன. அதன் பிறகு மருத்துவக் கவுன்சிலின் 1997 விதிகள், 2019இல் இப்போதைய திறன்சார் பாடத்திட்டம்.

வண்டி வந்தது, கிராமம் வந்தது, இறுதித் தேர்வு மட்டும் அசையவில்லை. வட்டாரத்தில் கற்றதைப் பற்றி யாரும் மார்க் போட்டுக் கேட்கவில்லை. மாணவர்கள் மார்க் இருக்கிற இடத்துக்குத்தான் போவார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயன் இல்லை.

*லாக்புக் (செய்த பயிற்சிகளின் பதிவேடு) நிரப்பவே நேரம் போய்விடுகிறது. கடைசி வாரம் எல்லோரும் வரிசையில் நின்று ஒரே நாளில் கையெழுத்து வாங்குகிறோம். இதனால் என்ன பயன்?*
— இரண்டாம் ஆண்டு மாணவர், மூலக்கடை

அப்படி வாங்கினால் பயன் எதுவும் இல்லை.

திறன்சார் பாடத்திட்டத்தின் அடிப்படை எளிது. ஒவ்வொரு திறனுக்கும் ஒரு படி குறித்திருக்கிறார்கள்: விஷயம் தெரியும், செய்யும் முறை தெரியும், செய்து காட்டுவார், துணையின்றித் தானே செய்வார். 1990இல் மருத்துவக் கல்வியாளர் ஜார்ஜ் மில்லர் வரைந்த கோபுரத்தின் வழி வந்த ஏற்பாடு இது. சிக்கல் எண்ணிக்கையில் இருக்கிறது. இந்தப் பாடத்திட்டத்துக்காக 2018இல் வெளியான தொகுப்பில் உடற்கூறியலுக்கு மட்டும் 409 இலக்குகள். உடலியங்கியலுக்கு 137, உயிர்வேதியியலுக்கு 89. இத்தனைக்கும் ஆளுக்கு ஒரு கையெழுத்து என்று கிளம்பினால் ஆசிரியரின் பேனாதான் தேறும். உண்மையில் 'தானே செய்வார்' என்ற கடைசிப் படியில் இருப்பவை மிகச் சில. உங்கள் லாக்புக்கில் அவற்றை மட்டும் வட்டமிட்டுக்கொள்ளுங்கள். ஆசிரியர் கண்ணெதிரே செய்து கையெழுத்து வாங்க வேண்டியவை அவைதாம்.

ஒவ்வொரு பதிவிலும் மூன்று கட்டங்கள் உண்டு. இது முதல் முயற்சியா, மறுமுயற்சியா, திருத்தப் பயிற்சியா என்பது ஒன்று. எதிர்பார்த்த அளவுக்குக் கீழா, அந்த அளவா, அதற்கு மேலா என்பது அடுத்தது. முடிந்ததா, மறுபடி செய்ய வேண்டுமா என்பது கடைசி. உங்கள் வகுப்பில் எல்லோருக்கும் எல்லாம் 'முதல் முயற்சி, எதிர்பார்த்த அளவு, முடிந்தது' என்று இருந்தால், அதை எழுதியவர் யாரையும் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

ரத்த அழுத்தம் பார்ப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். செய்வதற்கு முன்பே, 'சார், நான் பார்க்கிறேன், எங்கே தப்பு என்று சொல்லுங்கள்' என்று கேட்டுவிடுங்கள். கை இதய மட்டத்தில் இருக்கிறதா, கைப்பட்டையின் ரப்பர் பை கைச் சுற்றளவில் 80 சதவீதமாவது சுற்றுகிறதா, முதலில் நாடி பிடித்து மேல் அழுத்தத்தைக் கணித்தீர்களா, காற்றை விநாடிக்கு 2 அல்லது 3 மி.மீ. வீதம் இறக்கினீர்களா என்று ஆசிரியர் பார்ப்பார். தடித்த கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் இல்லாத ரத்தக் கொதிப்பு வந்து நிற்கும். 'பட்டை சிறியது, காற்றை வேகமாக இறக்கினார்' என்று அவர் எழுதுகிற அந்த ஒரு வரிதான் லாக்புக்கின் உயிர். கையெழுத்தை அன்றைக்கே வாங்குங்கள். மறுவாரம் போனால் அவருக்கு உங்கள் முகமே நினைவிருக்காது.

*எண்ணூரில் 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. இங்கே படிக்கும் மாணவருக்கு அதைப் பற்றி ஒரு பகுதியைப் பாடத்தில் சேர்க்க நினைக்கிறோம். எங்கிருந்து தொடங்குவது?*
— உதவிப் பேராசிரியர், ராயபுரம்

பவர்பாயிண்டிலிருந்து தொடங்காதீர்கள். பெரும்பாலான புதிய பாடங்கள் அங்கே தொடங்கி அங்கேயே முடிந்துபோகின்றன.

மருத்துவப் பாடத்திட்டம் உருவாக்க டேவிட் கெர்ன் குழுவினர் 1998இல் வகுத்த ஆறு படி முறை இதற்குப் பொருந்தும். முதலில் சிக்கல் என்ன, இப்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். அவசரப் பிரிவுப் பதிவேட்டில் ஒரு வருஷத்தைப் புரட்டி, வாயு, புகை, ரசாயனம் என்று வந்தவர்களை எண்ணுங்கள். அங்குள்ள செவிலியர்களிடம் அரை மணி நேரம் பேசுங்கள்; பயிற்சி மருத்துவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்பது அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். அடுத்தது உங்கள் மாணவர்களுக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்பது. இருபது கேள்விகளில் ஒரு சின்னத் தேர்வு வைத்தால் போதும். தெரிந்ததையே திரும்ப நடத்தி நேரத்தைக் கரைக்காமல் இருக்கலாம்.

மூன்றாவது படியான நோக்கம் எழுதுவதில்தான் பாதிப் பேர் வழுக்குகிறார்கள். 'அமோனியா பாதிப்பைப் பற்றி அறிந்திருத்தல்' என்று எழுதினால் அதை எப்படிச் சோதிப்பீர்கள்? 'அமோனியா பட்ட கண்ணை, இமையைப் புரட்டி, குறைந்தது 15 நிமிடம் கழுவி, பி.எச். (அமில, காரத் தன்மை) தாள் வைத்துச் சரிபார்ப்பார்' என்று எழுதுங்கள். தேர்வு அதிலேயே இருக்கிறது. இப்படி நான்கு நோக்கம் போதும். பத்துக்கு மேல் போனால் அது நோக்கம் அல்ல, ஆசை.

நான்கு மணி நேரத்தில் முடிக்கலாம். முதல் அரை மணி விளக்கம், அதுவும் ஒரே கருத்தைச் சுற்றி: தண்ணீரில் எளிதில் கரைகிற வாயு கண், மூக்கு, தொண்டை என்று மேலேயே சுடும்; கரையாதது நுரையீரலின் அடி வரை போய்த் தாமதமாகக் கொல்லும். அமோனியா முதல் வகை, பாஸ்ஜீன் இரண்டாவது, குளோரின் நடுவில். இதைப் புரிந்துகொண்ட மாணவர், பெயர் தெரியாத வாயுவிலும் எவ்வளவு நேரம் நோயாளியைக் கண்காணிப்பது என்று யோசிப்பார். அடுத்த ஒரு மணி நேரம் கண் கழுவும் பயிற்சி: ஒரு லிட்டர் சலைன், சாதாரண டிரிப் குழாய், ஒரு கிண்ணம், பி.எச். தாள். கழுவி நிறுத்தியவுடனே தாளை வைத்தால் சலைனைத்தான் அளப்பீர்கள். ஐந்து நிமிடமாவது பொறுத்து வைக்க வேண்டும். மூன்றாவது பகுதி ஒரு மணி நேர நோயாளிக் கலந்துரையாடல்: குரல் கம்மியவர், மூச்சு இழுக்கையில் சத்தம் வருகிறவர், இருமல் மட்டும் உள்ளவர். தொண்டை வீங்கிய பிறகு குழாய் போடுவது கடினம், ஆகவே மயக்க மருத்துவரை எப்போது கூப்பிடுவது என்பதுதான் அங்கே கேள்வி. அமோனியாவுக்கு முறிமருந்து கிடையாது என்பதையும் அங்கேயே சொல்லிவிடலாம். இன்னொரு மணி நேரம், நாற்பது அட்டையில் நாற்பது நோயாளிகளை எழுதி, யாரை முதலில் பார்ப்பது என்று மேசைமேல் பிரிக்கச் சொல்லுங்கள். மிச்ச அரை மணி தேர்வுக்கு.

இனி கணக்கு. உங்கள் அணியில் 250 பேர் என்று வைத்துக்கொள்வோம். கண் கழுவும் பயிற்சிக்கு மேசைக்குப் பத்து பேருக்கு மேல் நின்றால் பின்னால் நிற்பவர் கைபேசி பார்ப்பார். ஐந்து மேசை, ஐம்பது பேர், ஐந்து சுற்று. மாணவருக்கு அது ஒரு மணி நேரம், உங்கள் துறைக்கு 25 ஆசிரிய மணி நேரம். பாடத்திட்டக் குழுவிடம் மாணவர் பக்கக் கணக்கை மட்டும் காட்டி அனுமதி வாங்கிவிட்டு, பிறகு ஆள் இல்லாமல் நூறு பேர் அரங்கில் வீடியோ போட்டு முடித்த பயிற்சிகள் ஏராளம்.

நான்கு மணி நேரம் சேர்க்கிறீர்கள் என்றால் எங்கே நான்கு மணி நேரம் குறைப்பீர்கள் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். விதிப்படி விரிவுரை மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. குறைக்க இடம் பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும். உயிர்வேதியியல், கண் மருத்துவம், நெஞ்சக நோய், சமூக மருத்துவம் என நான்கு துறைகளும் இதைத் தனித்தனியாக நடத்தினால் மாணவர் ஒரே ஸ்லைடை நான்கு முறை பார்ப்பார். ஒரு துறை பொறுப்பேற்கட்டும், மற்றவர்கள் தங்கள் பகுதிக்கு மட்டும் வந்து போகட்டும். ஒரே நோயாளியின் கதையை எல்லோரும் பயன்படுத்தினால் நூல் அறுபடாது. டீன் தலைமையிலான குழுவின் முன் இதையெல்லாம் கல்வியாண்டு தொடங்கும் முன்பே வைத்துவிடுங்கள். கால அட்டவணை அச்சான பிறகு போனால் சனிக்கிழமை மதியம்தான் கிடைக்கும்.

முடிவில் 'வகுப்பு பிடித்திருந்ததா' என்று படிவம் கொடுப்பார்கள். கொடுங்கள், ஆனால் அதை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். மூன்று மாதம் கழித்து, முன்னறிவிப்பு இல்லாமல் இருபது பேரைக் கூப்பிட்டுக் கண் கழுவச் சொல்லிப் பாருங்கள். அதுதான் மதிப்பீடு.

*கேள்வித்தாள் எடுப்பவர் தனக்குப் பிடித்த பாடத்திலிருந்தே கேட்கிறார். இதற்கு முறையான வழி உண்டா? எல்லோருக்கும் ஆஸ்கி (OSCE, நிலையம் நிலையமாக நடக்கும் செய்முறை) தேர்வு வைப்பது நடக்கிற காரியமா?*
— மருத்துவக் கல்லூரி ஆசிரியை, பெரம்பூர்

வழி உண்டு, பள்ளிக்கூடக் கணக்குதான். ஒவ்வொரு தலைப்புக்கும் இரண்டு எண் கொடுங்கள்: தவறவிட்டால் எவ்வளவு ஆபத்து (1 முதல் 3), எவ்வளவு அடிக்கடி வரும் (1 முதல் 3). பெருக்குங்கள். நெஞ்சக நோயில் ஐந்தே தலைப்பு என்று வைத்துக்கொள்வோம். காசநோய் 3×3, ஒன்பது. ஆஸ்துமாவும் புகைபிடிப்போர் நுரையீரல் நோயும் சேர்ந்து 2×3, ஆறு. நிமோனியா 3×2, ஆறு. நுரையீரல் புற்றுநோய் 3×1, மூன்று. சார்காய்டோசிஸ் என்ற அரிய நோய் 1×1, ஒன்று. கூட்டினால் 25. நூறு மார்க் தாளில் காசநோய்க்கு 36, அடுத்த இரண்டுக்கும் தலா 24, புற்றுநோய்க்கு 12, சார்காய்டோசிஸுக்கு 4. இந்தப் பட்டியல் கையில் இருக்கும்போது யாராவது சார்காய்டோசிஸில் பத்து மார்க் கட்டுரை கேட்டால், 'மீதி ஆறை எங்கிருந்து எடுத்தீர்கள்?' என்று கேட்கலாம். எண்களை ஒருவர் தனியாகப் போடக் கூடாது. நான்கைந்து பேர் தனித்தனியாகப் போட்டுச் சராசரி எடுக்க வேண்டும்.

ஆஸ்கியை 1975இல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ரொனால்ட் ஹார்டன் கொண்டுவந்தார். ஒரே நோயாளி, ஒரே தேர்வாளர், அன்றைய அதிர்ஷ்டம் என்ற நிலையை மாற்றி, எல்லா மாணவரும் ஒரே வரிசை நிலையங்களைச் சுற்றி வருவார்கள். உங்கள் கேள்வி நடைமுறை பற்றியது, ஆகவே கணக்கைப் பாருங்கள். பத்து நிலையம், ஒவ்வொன்றும் 5 நிமிடம், நகர 1 நிமிடம். பத்து பேருக்கு ஒரு மணி நேரம். 250 பேருக்கு ஒரே சுற்று வரிசை என்றால் 25 மணி நேரம், அது ஆகாது. ஒரே நேரத்தில் ஐந்து வரிசை ஓட்டினால் ஐந்து மணி நேரம். பத்தில் ஆறு நிலையத்தில் தேர்வாளர் இருந்தால் முப்பது ஆசிரியர் வேண்டும், 1,500 மதிப்பெண் தாள் அச்சிட வேண்டும். நோயாளியாக நடிப்பவர் தேவைப்படும் நிலையம் இரண்டு என்றால் பத்து பேர். ஆனால் ஐந்து மணி நேரம் ஒரே வயிற்றுவலியை நடித்தால் கடைசியில் வருகிறவருக்கு உண்மையான எரிச்சல்தான் கிடைக்கும், ஆகவே இருபது பேர். முப்பது ஆசிரியர் இல்லையா, இரண்டு வரிசையாக மூன்று நாளில் முடியுங்கள். நாளுக்குச் சுமார் நாலரை மணி நேரம், 12 தேர்வாளர் போதும். கேள்வி கசிந்துவிடுமே என்பார்கள். 'ரத்த அழுத்தம் பார்' என்பது கசிந்தால் மாணவர் இரவு உட்கார்ந்து பழகுவார், அதில் என்ன நஷ்டம்? நோயாளியின் வயதையும் ஆய்வக எண்களையும் மட்டும் நாளுக்கு நாள் மாற்றுங்கள்.

கெடுவது வேறு இடங்களில். 'நான் கை கழுவுகிறேன்' என்று வாயால் சொன்னவருக்கு மார்க் போடுவது. நடுவில் தேர்வாளர் பாடம் நடத்த ஆரம்பிப்பது. ஒரு நிலையத்தில் 3 நிமிட வேலை, இன்னொன்றில் 9 நிமிட வேலை. மணி அடிப்பது அடுத்த அறைக்குக் கேட்காமல் போவது. நான்கு பயிற்சி மருத்துவர்களை வைத்து முந்தின நாள் ஒத்திகை பார்த்தால் இவற்றில் பெரும்பாலானவை வெளியே வந்துவிடும். பல்கலைக்கழகத் தேர்வில் இறக்குவதற்கு முன் இன்டர்னலில் இரண்டு மூன்று முறை ஓட்டிப் பாருங்கள்.

*மெடிக்கல் காலேஜ் பசங்க கிராமத்துக்குப் போய்க் குடும்பத்தைத் தத்தெடுக்கிறாங்களாமே. பக்கத்துல இருக்கிற எங்க குப்பத்துக்கு ஏன் வர்றதில்ல?*
— மீனவர், காசிமேடு

தம்பி, அந்தத் திட்டத்தின் விதியே கிராமம் என்றுதான் சொல்கிறது. ஒரு மாணவர் குறைந்தது மூன்று குடும்பம், மூன்று வருஷத்தில் 26 முறை போக வேண்டும், மொத்தம் 78 மணி நேரம். சென்னைக்குள் இருக்கிற கல்லூரி அதற்காகப் பஸ் வைத்துத் திருவள்ளூர் மாவட்டப் பக்கம் போக வேண்டியிருக்கிறது. போக வரவே பாதி நாள் தீர்ந்துவிடும். அங்கும் ஒவ்வொரு முறையும் பிரஷர் பார்த்து, எடை பார்த்து, படிவம் நிரப்பிவிட்டுக் கிளம்பினால், நாலாவது முறை அந்த வீட்டுக் கதவு திறக்காது. போன முறை சொன்ன பிரச்சினை என்னவாயிற்று என்று கேட்பதில்தான் அந்தப் படிப்பே இருக்கிறது.

உங்கள் குப்பத்துக்கு வர வேறு வாசல் உண்டு. சமூக மருத்துவப் போஸ்டிங்கில் மாணவர்கள் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வருவார்கள். அங்குள்ள மருத்துவ அலுவலரிடம், மாணவர்களைத் துறைமுகத்துக்கும் அனுப்பச் சொல்லி உங்கள் சங்கம் ஒரு கடிதம் கொடுக்கலாம். அவர்களுக்கு அங்கே படிக்க நிறைய இருக்கிறது: வெயிலும் உப்புக்காற்றும் பட்டுக் கண்ணில் வளரும் சதை, இன்ஜின் சத்தத்தில் மந்தமாகும் காது, கெளுத்தி முள் குத்திய கை. முள் குத்தினால் பொறுக்கிற சூட்டில், சுமார் 45 டிகிரி வெந்நீரில், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் கையை முக்கி வைத்தால் வலி இறங்கும். மரத்த கைக்குச் சூடு தெரியாது, ஆகவே மற்ற கையால் தண்ணீரைத் தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். டெட்டனஸ் ஊசியும் மறக்கக் கூடாது. சர்க்கரை நோய் உள்ளவருக்குக் கடல்தண்ணீர் பட்ட காயம் சில மணி நேரத்தில் கொப்பளித்துக் கறுத்தால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இதை உங்களிடம் கேட்டுக் கற்றுக்கொள்ள வேண்டியவர்கள் அவர்கள்தான்.

*இறந்த பிறகு உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுக்க எழுதி வைத்திருக்கிறேன். இனிமேல் எல்லாம் கம்ப்யூட்டரிலேயே படிப்பார்களாமே, உடல் தேவைப்படாதா?*
— ஒரு வாசகி, வியாசர்பாடி

தேவைப்படும், அம்மா. திரையில் நரம்பு மஞ்சளாகவும் தமனி சிவப்பாகவும் வந்து நிற்கும். உடலில் எல்லாம் ஏறக்குறைய ஒரே நிறம். விரலால் தடவி, இது குழாய், இது நார் என்று பிரித்தறிவதை மேசைமேல்தான் கற்க முடியும். புதிய பாடத்திட்டத்தின் நெறி, நடத்தை, உரையாடல் பகுதியில் மொத்தம் 27 பாடங்கள். முதலாண்டில் வருகிற ஒன்றின் பொருளே, அந்த உடல்தான் முதல் ஆசிரியர் என்பது. கத்தி எடுக்கும் முன் மாணவர்கள் உறுதிமொழி எடுப்பதும் அதில் சேர்ந்ததே.

நீங்கள் எழுதி வைத்தது மட்டும் போதாது. அந்த நேரத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர்கள் பிள்ளைகள். அவர்களிடம் இப்போதே சொல்லி, கல்லூரி உடற்கூறியல் துறையின் தொலைபேசி எண்ணை வீட்டில் ஒட்டி வையுங்கள். மருத்துவர் கொடுக்கும் இறப்புச் சான்றும் அடையாள அட்டை நகல்களும் கேட்பார்கள். பிரேதப் பரிசோதனை செய்த உடலையும், எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி போன்ற தொற்று உள்ள உடலையும் பொதுவாக ஏற்பதில்லை. கண்ணைத் தானம் செய்துவிட்டும் உடலைக் கொடுக்கலாம், ஆனால் கண்ணை ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். கண் வங்கி ஆள் வரும் வரை மின்விசிறியை நிறுத்தி, மூடிய இமைமேல் ஈரப் பஞ்சு வைத்து, தலையை ஒரு தலையணை உயரம் தூக்கி வைக்கச் சொல்லி வையுங்கள்.